முந்திக்கொள்ளப் பழக்கும் பெற்றோர்!

பிள்ளைக்குப் பண்பு புகட்டும் முதற்பள்ளி இல்லமே. இதனை மறந்த தமிழ்ப் பெற்றோரைக் காண விரும்புவார் சித்திரைத் தேர்விழாவின்போது சமயபுரம் செல்க!

கண்ணனூர் எனப் பழம்பெயர் கொண்ட அவ்வூரில், மாசி இறுதி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மன் பச்சைப் பட்டினி கிடக்கின்றாள் என்பது மக்கள் நம்பிக்கை. பிற இடங்களில் தெய்வத்திற்காக மாந்தர் நோன்பிருப்பர். இங்கோ மாந்தர் நலத்திற்காகத் தாயே நோன்பிருக்கின்றாள். நீர்மோரும் பானகமும் துள்ளுமாவும் இளநீருமே அந்நாள்களில் அவளுக்குப் படையல். பிறர்க்காகத் தன் பசி பொறுப்பதே பெருமை என்பதன்றோ இதன் கருத்து?

இதனை உணர்ந்தோர் எளிய மக்களே. கொள்ளிடம் கடந்து நடந்து வருவோர்க்குச் சாலையோரம் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, முகம் அறியாதார்க்கும் மோர் வார்க்கின்றனர். அவர்தம் சிறாரும் குவளை ஏந்தி நிற்கின்றனர். அக்குவளையே அவர்க்குப் பாடநூல்!

கற்றவர் எனத் தருக்குவோர் செய்வதென்ன? பிள்ளையை வரிசையின் இடையே நுழைத்து, முந்திவிட்டால் 'கெட்டிக்காரன்' எனத் தட்டிக்கொடுக்கின்றனர். பணமுடையாரோ கட்டண வழியிற் கூட்டிச் சென்று, காசுடையான் காத்திருக்க வேண்டா எனக் கற்பிக்கின்றனர். மோர் தந்த முதியவளை நிமிர்ந்தும் பாராமற் குவளையை எறியும் சிறுவனைக் கண்டிப்பாரும் இலர். ஆயினும், 'தேங்க்யூ' சொல்லத் தெரியும் எனப் பெருமை பேசுகின்றனர்! நாவிற் பழகிய அயற்சொல், நெஞ்சிற் பழகாத நன்றிக்கு ஈடாகுமா? மாமனும் சிற்றப்பனும் 'அங்கிள்' எனும் ஒரே சொல்லுள் அடங்கியபின், யாரிடம் எவ்வாறு ஒழுகுவதென்று குழந்தை எங்ஙனம் அறியும்?

"பள்ளிக்குப் பணம் கட்டியுள்ளோமே; அவர்கள் கற்பிக்கட்டும்" என்பார்க்கு வள்ளுவர் நூல்முறையே விடை. இல்லறவியலில் மக்கட்பேறு 7-ஆம் அதிகாரம். அதனையடுத்தே அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றியறிதல் என 8 முதல் 11 வரை தொடர்கின்றன. பொறையுடைமை 16-ஆவது. இவை யாவும் இல்லறத்தின்பாற் பட்டனவே! கல்வியோ பொருட்பாலில் 40-ஆம் அதிகாரமாகவே வருகின்றது.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. வந்தவரை எழுந்து நின்று 'வாருங்கள்' என அழைக்கப் பழக்குக. தின்பண்டத்தைப் பிள்ளையின் கையாலேயே பகிர்ந்தளிக்கச் செய்க. உறவினரை முறைப்பெயரால் விளிக்கச் சொல்க. தவறியவிடத்துப் பொறுத்தருளக் கேட்கச் செய்க. எல்லாவற்றிற்கும் மேலாகப் பெற்றோரே, நீங்கள் வரிசையில் நில்லுங்கள்! பிள்ளை செவியாற் கற்பதினும் கண்ணாற் கற்பதே மிகுதி.

முந்துவதொன்றே கற்ற பிள்ளை நாளை உங்களையும் பின்தள்ளியே செல்வான். அன்று அழுது பயனில்லை!