கையறிவும் ஏட்டறிவும்

விழா மலரிலே தமிழாசிரியர் இலக்கணம் பேசாது பெட்டி இழைத்தலைப் பேசுவது பழைய மாணவர் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும், கல்வியைப் பற்றிய உண்மையொன்றை எமக்குக் கற்பித்தது பனையோலையே.

சில ஆண்டுகளுக்கு முன், கைப்பணி வகுப்பு எம் பொறுப்பில் வந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரம் தந்த துணிவுடன், நூலொன்றிற் கண்ட விதிகளை வரிவரியாக வாசித்து ஓலைப்பெட்டி இழைப்பித்தோம். அடி முடிந்தது, மூலை திருப்புமிடத்தில் யாவுங் குலைந்தன. கட்டுரையில் முதன்மை பெறும் மாணவனும் திகைத்தான். எம்மால் மந்தனென்று பலகால் கடியப்பட்ட ஒருவன் மட்டும், நூலை நோக்காமலே, அழகுற முடித்தான். ஆச்சியின் அருகிருந்து பழகியவன் அவன். அவ்வாச்சியோ எழுத்தறியாதவர். அன்று யாம் நாணினோம்.

காரணம் யாது? எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது. கைகளோ ஒரே கணத்திற் பல செய்வன. இடக்கை பிடிக்க, வலக்கை கோக்க, கண் அடுத்த ஓலையை நாடும். இறுக்கி இழைக்க வேண்டுமென நூல் கூறும். எவ்வளவு இறுக்கமென்பதை விரலே அறியும். ஓலை மிக உலர்ந்தால் வெடிக்கும். மிக நனைந்தால், காய்ந்தபின் பின்னல் தளரும். இவற்றிற்கு இடைப்பட்ட பதத்தைச் சொல்லால் அளத்தல் அரிது. மேலும், தொழில் வல்லார் பலவற்றை எண்ணாமலே செய்வர். எழுதும்போது அவற்றையே விட்டுவிடுவர். மனித அறிவிற் சொல்லிலடங்காப் பகுதியொன்று உண்டென மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

எம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் தனித்தனி வகுத்துரைக்கின்றது. இலக்கணத்திற்கே ஆசிரியன் முகமும் குரலும் வேண்டுமாயின், கைத்தொழிலுக்கு வேண்டாவோ?

நூலை யாம் இகழ்கின்றிலேம். கை பழகியவனுக்கு அது அளவையும் முறையையும் நினைவூட்டும். வல்லார் மறைந்தபின் எஞ்சுவதும் அதுவே. ஆயின், கண்டறியாதவனுக்கு அது மட்டும் போதாது.

ஆதலின், ஆசிரிய அன்பர்காள்! ஒருவனை மந்தனென்னுமுன், அவனுக்கு எவரேனும் செய்து காட்டினரோவென வினவுங்கள். பழைய மாணவர்காள்! உங்கள் ஊரில் ஓலை இழைக்கும் முதியோரை எம் வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். அவர்க்கு ஆசிரியர்க்குரிய ஆசனம் அளிப்போம். மாணவர்காள்! வீட்டில் ஆச்சி இருப்பின், இன்றே அவரருகில் அமருங்கள். ஏடு காத்திருக்கும், அவர் கை காத்திராது.