கிழங்குக் காட்டுக் குளவி

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒருவர் ‘காட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்’ என்று கிளம்பினால், அவர் போவது தன்னுடைய மேட்டு நிலத்துக்கு. கடலைக் காடு, சோளக் காடு, பருத்திக் காடு, கிழங்குக் காடு என்று பயிரின் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். மரம் அடர்ந்த இடத்தைச் சொல்ல ‘மலை’ என்கிற வார்த்தை இருக்கிறது: சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, போதமலை. அரசாங்கத்தின் அகராதி வேறு மாதிரி. அதில் காடு என்றால் வனத்துறையின் எல்லைக்கல்லுக்கு உட்பட்டது. பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நடக்கும் வேலை. எல்லைக்கல்லுக்கு வெளியே, சமவெளிக் காடுகளில், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவை என்ன வேலை பார்க்கின்றன என்று கேட்க ஆளில்லை. அங்கே கண்ணில் பட்ட பூச்சிக்கெல்லாம் ஒரே பதில்தான்: மருந்து.

2022 மார்ச்சில் நடந்த ஒரு காரியம் இந்த வழக்கத்துக்கு விலக்கு. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில், வசிஷ்ட நதிக்கரை ஊரான ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கிழங்கு விவசாயிகளைக் கூட்டி வைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவிகளைத் திறந்துவிட்டார்கள். அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இயங்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திடமிருந்து அதைத் தருவித்து, தனிமைக் கூடத்தில் வளர்த்துச் சோதித்த பிறகு வெளியே விட்டது.

எதற்காக இத்தனை பாடு? மரவள்ளியைத் தாக்கும் ஒரு மாவுப்பூச்சிக்காக.

அந்த மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020-இல், கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம். தமிழ்நாட்டுக் கிழங்கு வட்டாரத்துக்கு வந்து சேர அதற்கு அதிக நாள் ஆகவில்லை. இதில் ஆண் பூச்சியே கிடையாது. ஒரு பெண் பூச்சி ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு வம்சத்தைப் பெருக்கிவிடும். மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்றொரு பெயர் உண்டு. விதைக்குப் பதில் தண்டை வெட்டிக் கரணையாக நடுகிற பயிர். அறுவடை முடிந்ததும் குச்சியைக் கட்டுக் கட்டாகக் கட்டி டெம்போவில் ஏற்றி அடுத்த ஊருக்கு விற்பார்கள். பூச்சிக்கு இதைவிட வசதியான வண்டி வேண்டுமா? வறண்ட மாதங்களில் அது நுனிக் கொழுந்தில் குடியேறிச் சாற்றை உறிஞ்சும். இலைகள் விரியாமல் கொத்தாகச் சுருண்டு கிடக்க, தண்டு வளைந்து குட்டையாகும். கிழங்கில் மாவு ஏறாது. ஜவ்வரிசி ஆலையில் விலை பேசுவது எடையை மட்டும் வைத்து அல்ல, மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’டையும் வைத்து. ஆகவே அடி இரண்டு பக்கமும் விழும்.

மருந்தடிப்பதால் பெரிய பயனில்லை. மாவுப்பூச்சியின் உடல் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. சுருண்ட இலைக்குள் ஒளிந்துகொண்டால் தெளிப்பு அதன் மேல் படுவதே சந்தேகம். ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட கிழங்குக் காட்டுக்குள் டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழைந்து அடிப்பவர் மேல்தான் பாதி மருந்து விழும்.

குளவி செய்யும் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெண் குளவி இலைக்கு இலை நடந்து, உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டிப் பார்க்கும். தோதாக இருந்தால் அதன் உடலுக்குள் ஒரு முட்டை. முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி உப்பி, பழுப்பேறி, ஓடு போல இறுகிவிடும். இதற்குத்தான் ‘மம்மி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் அந்த ஓட்டில் வட்டமாக ஒரு துளையைக் கடித்துக்கொண்டு புதிய குளவி வெளியேறும். வெளியே வந்ததும் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் போகும். கூலி கிடையாது, டீசல் கிடையாது. கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழகிவிட்டால், ஓர் இலையில் உயிரோடிருக்கும் பூச்சி எத்தனை, துளை விழுந்த மம்மி எத்தனை என்று எண்ணியே பயிர் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம்.

இந்தக் குளவிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் இதே மாவுப்பூச்சி காங்கோ பகுதிக்குள் நுழைந்து, ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பட்டை நெடுகப் பரவியது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சோறு. ‘பூச்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும்’ என்று தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது அதே ஜாடையிலிருந்த வேறோர் இனம். அந்த இனத்தில் ஆண் பூச்சிகள் இருந்தன. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுபோய் விட்டும் ஆப்பிரிக்காவில் பலிக்கவில்லை. உண்மையான இனம் 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. குளவியும் கூடவே கிடைத்தது. அதே ஆண்டு நைஜீரியாவில் விடுவிப்பு தொடங்கி, பிறகு விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூச்சிகளைப் பிரித்தறியும் வகைப்பாட்டியல் அறிவு இல்லையென்றால் இந்தக் கதை பாதியிலேயே நின்றிருக்கும். அந்தப் படிப்பைப் படிக்கவும் படிப்பிக்கவும் நம் பல்கலைக்கழகங்களில் ஆள் அருகிக்கொண்டே வருவது தனிக் கவலை.

இதில் வேடிக்கை, பயிர், பூச்சி, குளவி மூன்றுக்குமே பூர்விகம் தென்னமெரிக்கா. மரவள்ளியை இந்தியாவின் தென்கோடியில் ஊக்குவித்தவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். சேலத்தில் அது ஜவ்வரிசியானது இரண்டாம் உலகப் போரின் புண்ணியத்தால். கடல் வழி அடைபட்டுக் கிழக்கேயிருந்து சரக்கு வரத்து நின்றபோது, 1943-44 வாக்கில், இங்கே குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-இல் ‘சேலம் ஜவ்வரிசி’ புவிசார் குறியீடும் பெற்றது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் சேகோ ஆலை இல்லாத சாலையைப் பார்ப்பது கடினம். வெளியூர்ப் பயிர் ஒன்றை இத்தனை பெரிய பரப்பில் ஒரே மாதிரி நட்டுவைத்தால், அதைத் தின்னும் பூச்சி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். எதிரியை ஊரில் விட்டுவிட்டு வந்த பூச்சிக்கு இங்கே கேள்வி கேட்க ஆளில்லை. எதிரியைத் தேடிக் கூட்டி வந்து விடுவதுதான் இந்த உத்தியின் சாரம்.

இது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, தேக்கு என்று கண்டதையெல்லாம் வெள்ளை போர்த்திவிட்டது. பட்டுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மல்பெரியில் மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு சாகும். அடிக்காவிட்டால் இலையே இருக்காது. தோட்டத்தையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் நிலையங்களில் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. சில மாதங்களில் வெள்ளை இறங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1920களின் பிற்பகுதியில் இலங்கை வழியாக வந்த ஒரு செதில் பூச்சி சென்னை மாகாணத்தின் சப்பாத்திக்கள்ளிப் புதர்களைத் தின்று தீர்த்த கதையும் இதே வகைதான்.

வெளியிலிருந்து உயிரைக் கொண்டுவந்து விடுவதில் ஆபத்து இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. 1935-இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியா இறக்கிய தேரை, வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவில் ராட்சத நத்தையை ஒழிக்க 1970களில் விட்ட ஊனுண்ணி நத்தை, அந்தத் தீவுகளுக்கே உரிய சிறு நத்தை இனங்களைத் துடைத்தெறிந்தது. இரண்டும் எதை வேண்டுமானாலும் தின்னும் பிராணிகள். ஒரே இனத்தை நம்பி வாழும் குளவி வேறு கணக்கு. தீனி குறைந்தால் அதுவும் குறையும். ஆனாலும் தனிமைக் கூடமும் சோதனையும் இல்லாமல், அவசரம் என்று சொல்லி யாரும் குறுக்கு வழியில் போகக் கூடாது.

சரி, கிழங்கைக் காப்பாற்றும் பூச்சிக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதில் தாய்லாந்தில் இருக்கிறது. 2008-இல் அங்கே இதே மாவுப்பூச்சி நுழைந்தது. விளைச்சல் விழுந்து, உலகச் சந்தையில் மரவள்ளி மாவின் விலை ஏறியது. விலை ஏறியதைப் பார்த்து லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மியான்மர் விவசாயிகள் புதிதாக மரவள்ளி நட இறங்கினார்கள். நிலம் எங்கிருந்து வரும்? மலைக்காட்டிலிருந்து. பெனினிலிருந்து இதே குளவியை 2009-இல் வரவழைத்து, மறு ஆண்டு முதல் தாய்லாந்து முழுக்க விட்ட பிறகு விளைச்சல் திரும்பியது, விலை இறங்கியது, அண்டை நாடுகளில் காடழிப்பின் வேகமும் தணிந்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சங்கிலியைப் புள்ளிவிவரங்களோடு கட்டிக் காட்டியது. வயலில் ஒரு குளவி இருந்ததால் மலையில் மரம் நின்றது.

கொல்லி மலையை வைத்து இதை யோசித்தால் கணக்கு அத்தனை சுலபமாக இல்லை. சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு என்று மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சிறுதானியங்களின் இடத்தைப் பிடித்ததே மரவள்ளிதான். கீழே ஆலை இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் காசு இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே அந்த விதைகளைக் காக்கப் பாடுபடுகிறது; சாமை குத்தும் சிரமத்தைக் குறைக்க இயந்திரம் வைப்பதிலிருந்து பெண்கள் குழுக்கள் மூலம் விற்பது வரை முயன்றிருக்கிறது. குளவி கிழங்கை லாபமாக்கினால் மேலே இன்னும் கொஞ்சம் சாமை நிலம் போகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆலைகளும் குற்றமற்றவை அல்ல. மாவு எடுத்த பின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிவிடும்; கிழங்கு கழுவிய கழிவுநீர் ஓடையிலும் ஆற்றிலும் கலப்பது பற்றிய புகார் பழைய புகார். குளவி பூச்சிக்குத்தான் மருந்து. சந்தைக்கும் சாக்கடைக்கும் மனிதர்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

குளவியை விட்டுவிட்டு அதோடு மறந்துபோனதுதான் இப்போதைய குறை. ஒரு துறை குளவியைத் திறந்துவிடுகிறது. அதே ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் ஆலோசனையோ ‘ரெண்டு மருந்தைக் கலந்து அடிங்க’. கிராமத்தில் பயிர் வைத்தியம் பார்ப்பவர் பெரும்பாலும் மருந்துக்கடைக்காரர்தான். பாட்டிலை விற்றால் அவருக்குக் காசு. குளவியை எந்தக் கடையில் விற்பது? பலவகைப் பூச்சிகளைக் கொல்லும் மருந்து விழுந்தால் மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும், இலைமேல் நடக்கும் குளவி சாகும். உள்ளூர்க் கூட்டாளிகளும் கூடவே சாவார்கள்: பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற சின்னப் பட்டாம்பூச்சி. இந்தக் கடைசி ஆள் தனி ரகம். பட்டாம்பூச்சிப் புழு என்றாலே இலை தின்னும் என்று நினைக்கிறோம். இதன் புழு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் புகுந்து, அதே வெள்ளைத் தூளைத் தன் முதுகிலும் போர்த்திக்கொண்டு, அவற்றையே தின்னும். கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் மாதிரி இருக்கும்.

2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக வைத்தபோது நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் எழுதப்பட்டன. மரம், மூலிகை, பறவைக்கு அதில் இடம் கிடைப்பது சுலபம். ஸ்பால்ஜிஸுக்கும் குளவிக்கும் ஒரு வரியாவது இருக்குமா? கிழங்குக் காட்டு வரப்பில் தானாக முளைக்கும் செடிகளைக் களைக்கொல்லி அடித்துச் சுத்தம் செய்யாமல் கொஞ்சம் விட்டுவைத்தால், அவற்றின் பூவில்தான் குளவிகளுக்குத் தேன். அதை ஊராட்சிக் குழு சொல்லலாம், வேளாண் உதவி அலுவலர் சொல்லலாம். தை மாதம் குச்சிக் கட்டுகள் வண்டியேறும்போது நுனி சுருண்ட காட்டிலிருந்து குச்சி வாங்காதீர்கள் என்று சொல்ல ஓர் ஆளும், தெளிக்கும் முன் பத்து இலையைத் திருப்பித் துளை விழுந்த மம்மியை எண்ணிப் பாருங்கள் என்று கற்றுத்தர ஒரு நாள் பயிற்சியும், முப்பது ரூபாய்க் கைக்கண்ணாடியும் போதும். ஏத்தாப்பூரில் குளவி விட்ட செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.