குடும்பத்துக்குள் மறைக்கப்படும் புற்றுநோய்

வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள பேக்கரிகளில் பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்கும், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாய்மாருக்கும் தொடர்பு உண்டென்றால் பலர் வியப்படையக்கூடும். ஆயினும் அத்தொடர்பு மரபணு ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்ட ஒன்றாகும்.

உயிர்க் கலங்களிலுள்ள டி.என்.ஏ. நாள்தோறும் சேதமடைகின்றது. சூரிய ஒளி, புகையிலை நஞ்சு என்பன மாத்திரமன்றி, கலத்தின் இயல்பான செயற்பாடுகளும் இதற்குக் காரணமாகின்றன. இச்சேதத்தைச் சீர்செய்யவெனத் தனிப் புரதங்கள் உள்ளன. இத்திருத்த முறைகளை விளக்கியமைக்காகவே துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்கார் உட்பட மூவருக்கு 2015ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்புரதங்கள் பலவற்றின் பணியை விளங்கிக்கொள்ள ஈஸ்ட் பெரிதும் உதவியது. திருத்தப் புரதம் பழுதடைந்த ஈஸ்டில் டி.என்.ஏ.யின் சில பகுதிகள் நிலைகுலைவதை 1993இல் கண்ட ஆய்வாளர்கள், பரம்பரையாக வரும் ஒருவகைப் பெருங்குடல் புற்றுநோய்க்கும் இத்தகைய பழுதே காரணமாகலாம் என்றனர். அதே ஆண்டில் அது மனிதரிலும் உறுதியாயிற்று. இவ்வாறே, ஈஸ்டில் அறியப்பட்ட ராட்51 புரதத்தின் மனித வடிவத்தை டி.என்.ஏ. உடைந்த இடத்தில் சேர்ப்பது பி.ஆர்.சி.ஏ.2 புரதமாகும். அதற்குரிய மரபணு பழுதடைந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகின்றது.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. பொதுவாக அதில் 5 முதல் 10 சதவீதமே பரம்பரை வழிப்பட்டதெனக் கணிக்கப்படுகின்றது. எனினும், பெற்றோரில் ஒருவரிடம் இப்பழுது இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படச் சரிபாதி வாய்ப்புண்டு. தாய்வழியில் மட்டுமன்றித் தந்தை வழியிலும் அது வரும்.

இங்குதான் எமது மௌனம் ஆபத்தாகின்றது. தாய்க்கோ மாமிக்கோ புற்றுநோய் என்பது வெளியே தெரிந்தால் பெண்பிள்ளையின் திருமணப் பேச்சு குழம்பிவிடும் என்ற அச்சம் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் உண்டு. அவ்வச்சத்தை உருவாக்கியது சமூகமே. அதைப் போக்கும் பொறுப்பும் சமூகத்தினுடையதே. அயலவரிடம் மறைப்பது பிள்ளைகளிடமும் வைத்தியரிடமும் மறைப்பதாக முடிவதுதான் வேதனைக்குரியது. லண்டனிலோ டொரொண்டோவிலோ வாழும் உறவினர் ஒருவருக்கு இப்பழுது கண்டறியப்பட்டிருப்பின், அந்த அறிக்கை இங்குள்ளோரின் பரிசோதனையை இலகுவாக்கும். அது உறவினரிடையே பகிரப்படுவது அவசியமாகும்.

அரசுக்கும் கடமையுண்டு. இலங்கை நோயாளரின் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் முன்னர் பதிவாகாத மாற்றங்களைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையதாகையால், எம்மவரின் முடிவுகளைப் பொருள்கொள்ள இத்தகைய உள்நாட்டு ஆய்வுகள் இன்றியமையாதவை. மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும், தமிழிலும் சிங்களத்திலும், இலவச சுகாதார சேவையின் ஊடாகத் தேவையுள்ள சகல குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. 35 வயதை அடைந்த பெண்கள் சுவநாரி நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அங்கு செல்லும் மகளுக்குத் தன் குடும்பத்தின் நோய் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே.