ரசீதோடு முடிந்து விடுகிறதா ஜகாத்?

ரமளான் பிறந்ததும் கடைவீதியில் ரசீது புத்தகங்கள் நடமாடத் தொடங்கிவிடும். கல்லாவிலிருந்து நூறோ ஐநூறோ எடுத்துக் கொடுத்துவிட்டு, ரசீதை ஆணியில் குத்தி வைத்து விடுகிறோம். சரக்கில் ஒரு மூட்டை குறைந்தால் லாரி ஆபீஸ் வரை போகும் வியாபாரி, இங்கே மட்டும் வாய் திறப்பதில்லை. கேட்டால் நன்மை குறைந்து விடுமாம்!

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்கிறது திருக்குர்ஆன் (9:60). வசூலிக்கும் ஊழியர்களும் அதில் ஒரு வகை. எனவே சம்பளம், பயணச் செலவு என்றாலே முகம் சுளிப்பது சரியல்ல. நூறு ரூபாயில் வசூலுக்கு எவ்வளவு, ஏழைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஜகாத் வசூலித்து வந்த ஒருவர், ஒரு பகுதியைத் தனக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள் (புகாரி). இன்று சதவிகிதக் கமிஷன் பேசியே ஆள் அனுப்புகிறார்கள்! ஜகாத்தையும் ஸதகாவையும் ஒரே கணக்கில் போட்டுக் கட்டடம் எழுப்புவோரும் உண்டு. ஜகாத் பணத்தில் கட்டடம் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

இளைஞர்களே! வருமான வரி விலக்குப் பெற்ற டிரஸ்டுகள், வருமானம் வரம்பைத் தாண்டினால் ஆடிட்டர் தணிக்கை செய்தாக வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். மறுப்பவர்களுக்கு அடுத்த ரமளானில் கல்லாவைத் திறக்க வேண்டாம்.