புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே சண்டை!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியும்தானே மக்களே? மேஜையைச் சுத்தி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமா மாறி கதை வளர்க்கிற ஆட்டம். இதுக்குப் புது விதிப்புத்தகம் வருதுன்னு சொன்னாலே ரசிகர்கள் ரெண்டு கட்சி ஆயிடுவாங்க.

நாலாம் பதிப்பை அறிவிச்சது 2007 ஆகஸ்ட். புத்தகம் கைக்கு வந்தது 2008 ஜூன். நடுவுல பத்து மாசம், "இது கம்ப்யூட்டர் கேம் மாதிரி ஆயிடுச்சு"ன்னு ஒரே புலம்பல்.

பழைய புத்தகம் என்ன எக்ஸ்பயரியா ஆகப் போகுது, அதையே வெச்சு ஆட வேண்டியதுதானேன்னு நானும் நினைச்சேன். யோசிச்சா, புத்தகம் அலமாரியிலதான் இருக்கும். கூட ஆடுற ஆளுங்க புதுசுக்குப் போயிடுவாங்க. தனியா ஆட முடியாத ஆட்டத்துல அதுதான் நிஜமான பயம்.

அதைப் புரிஞ்சுக்கிட்டது பைசோ நிறுவனம். பழைய 3.5 விதிகளையே பட்டி டிங்கரிங் பண்ணி, வரைவை முன்கூட்டியே ரசிகர்கள்கிட்ட ஆடக் கொடுத்து, 2009-ல பாத்ஃபைண்டர்னு இறக்கினாங்க. செம ஹிட்! விஸார்ட்ஸும் பாடம் படிச்சு, ஐந்தாம் பதிப்பை 2012-லயே ஆட விட்டுப் பார்த்துட்டுத்தான் 2014-ல வெளியிட்டாங்க.

அதனால புலம்பலை வெறும் இரைச்சல்னு தள்ளிடக் கூடாது. ரிலீஸுக்கு முன்னாடி வர்ற பக் ரிப்போர்ட்தான் எப்பவும் சல்லிசு. ஆனா ரசிகக் கண்மணிகளே, ஆடக் கொடுத்தா ஒரு தடவையாவது ஆடிப் பார்த்துட்டுத் திட்டுங்கப்பா!