சந்தேகம் விசாரணையைக் கேட்கட்டும்

2022 செப்டம்பர் 18 இரவு, ரிஷிகேஷுக்கு அருகே ஒரு சுற்றுலா விடுதியில் வரவேற்பாளராக வேலை பார்த்த 19 வயது அங்கிதா பண்டாரி காணாமல் போனார். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனவர்களில் விடுதி உரிமையாளரும் ஒருவர். அந்தப் பகுதி வழக்கமான காவல் துறையின் கீழ் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் வருவாய்த் துறைக் காவலின் கீழ் இருந்தது. அந்த முறையை ஒழிக்கச் சொல்லி உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இலேயே உத்தரவிட்டிருந்தும் அது நடக்கவில்லை. வழக்கு காவல் துறையின் கைக்கு வருவதற்குள் விலைமதிப்பற்ற நாட்கள் கழிந்தன. செப்டம்பர் 24 அன்று கங்கையிலிருந்து பிரியும் சில்லா கால்வாயில் உடல் கிடைத்தது. 2025 மே 30 அன்று, உரிமையாளருக்கும் ஊழியர்கள் இருவருக்கும் கோட்துவார் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

தொலைவில் நடந்த இந்த வழக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைக்கு மிகவும் நெருக்கமானது. போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட், ஓசூர் என்று இந்த வட்டாரமே இன்று பெண்களின் உழைப்பில் இயங்குகிறது. வெளி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் நிறுவன விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். விடுமுறை நாளில் ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, அனுமன்தீர்த்தம் என்று தண்ணீரைத் தேடிப் போவது அவர்களுக்குக் கிடைக்கும் சின்ன மகிழ்ச்சி. அப்படிப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை என்றால் புகார் கொடுக்கப் பெற்றோர் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். உடன் போனவர்களோ வேலை கொடுத்தவரோ சொல்வதே முதல் தகவலாகப் பதிவாகும். அந்தத் தகவலைச் சரிபார்ப்பதற்கு முன்பே இரண்டு இடங்களில் இரண்டு தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன என்பதுதான் என் கவலை. காவல் நிலையத்து மேசையில், 'யாரோடாவது ஓடிப்போயிருப்பா' என்பது ஒன்று. கைபேசித் திரையில், 'கூடப் போனவன்தான் தள்ளிவிட்டான்' என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் விசாரணையின் இடத்தைத் தாமே எடுத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்றுதான்.

முதல் தீர்ப்பு நேரத்தைத் தின்கிறது. 2019 முதல் 2021 வரையிலான மூன்று ஆண்டுகளில் நாட்டில் 18 வயதைக் கடந்த பெண்கள் 10,61,648 பேர் காணாமல் போனதாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகத் தரவு சொல்கிறது. அவர்களில் பலர் திரும்பி வந்திருப்பார்கள், சிலர் தம் விருப்பத்தில் போயிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் எந்தப் பெண் எந்த வகை என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆற்றங்கரையில் காணாமல் போனால் இந்தத் தாமதம் இன்னும் கொடியது. எலும்பு மஜ்ஜையில் நுண்பாசி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, ஒருவர் உயிரோடு நீரில் விழுந்தாரா என்பதற்கு ஓரளவு துணை செய்யும். அவர் வழுக்கி விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்பதை எந்தப் பிரேதப் பரிசோதனையும் தனியாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்ல வேண்டியவை கைபேசிப் பதிவுகள், வழியிலுள்ள கடைகளின் கேமராக்கள், பரிசல் ஓட்டியின் நினைவு ஆகியவைதான். கேமராப் பதிவு சில வாரங்களில் தானே அழிந்துவிடும், நினைவும் மங்கிவிடும். விருந்தினர்களுக்கு இணங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்று அங்கிதா தன் நண்பருக்கு அனுப்பிய செய்திகள்தான் குற்றத்தின் காரணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 'ஆம்பளைங்களோட அவ ஏன் ஆத்துக்குப் போனா?' என்ற கேள்வி இப்படி எந்தத் தடயத்தையும் தராது. அந்த வீட்டார் வாய்திறக்கக் கூசும்படி மட்டுமே செய்யும்.

இரண்டாவது தீர்ப்பு நீதியின் உடையை அணிந்து வருவதால் அதன் தீமை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. 2025 மே மாதம் இந்தூரைச் சேர்ந்த புதுமணத் தம்பதி மேகாலயாவின் சோரா பகுதியில் காணாமல் போனார்கள். ஜூன் 2 அன்று கணவரின் உடல் பள்ளத்தாக்கில் கிடைத்தது, மனைவியைக் காணவில்லை. உள்ளூர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள், பெண்ணை வங்கதேசத்துக்குக் கடத்திவிட்டார்கள் என்று சமூக ஊடகங்களும் சில தொலைக்காட்சிகளும் மேகாலயா மக்கள் மீதே பழி போட்டன. ஒரு வாரத்தில் அந்தப் பெண் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில் வெளிப்பட்டார். காவல் துறை அவரையே குற்றம் சாட்டிக் கைது செய்தது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தையே கொலைகாரக் கூட்டமாகச் சித்திரித்தவர்கள் எவ்வளவு உறுதியோடு பேசினார்களோ, அவ்வளவு தவறாகப் பேசினார்கள் என்பதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் 2023 ஜனவரி 27 அன்று, வையர் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போன 45 வயதுப் பெண் காணாமல் போனார். கைபேசி ஆற்றங்கரை பெஞ்சில் கிடந்தது, அலுவலக அழைப்பு அதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவரது துணைவரைச் சந்தேகித்து உலகம் முழுவதும் காணொளிகள் பரவின. துப்பறியக் கிளம்பியவர்கள் அந்தச் சிற்றூரின் வீடுகளுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார்கள். பிப்ரவரி 19 அன்று அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உடல் கிடைத்தது. அவர் தவறி நீரில் விழுந்து மூழ்கி இறந்தார் என்பதே மரண விசாரணையின் முடிவு. தாயை இழந்த இரண்டு சிறுமிகளின் தகப்பன், துக்கத்தோடு அந்தப் பழியையும் சுமந்தார். இப்படி நீரில் மூழ்கி இறப்பது இங்கும் அரிதல்ல. இந்தியாவில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைக் கண்ட ஊத்தங்கரைக்குத் தண்ணீரின் வேகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சுதானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டமே பதில் சொல்லும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த குடும்பத்தினர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். குழந்தை கடத்துபவர்கள் பற்றிய வாட்ஸ்அப் வதந்தி அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. அதை நம்பிய கூட்டம் 65 வயதுப் பெண் ஒருவரை அடித்தே கொன்றது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் இந்தியும் ஒரே பேருந்தில் ஒலிக்கும் எல்லைப் பகுதி இது. இங்கே 'வடக்கத்திக்காரன் செய்திருப்பான்' என்ற ஒரு வரி எந்த விடுதியின் கதவை உடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூச்சல் போடாவிட்டால் காவல் துறை அசையாதே என்பது வலுவான மறுப்பு. உத்தராகண்டில் மக்கள் தெருவில் இறங்கியது வழக்குக்கு வேகம் தந்தது என்பதையும் நான் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கோபம் செய்த இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கைக் காவல் துறைக்கு மாற்று, குற்றவாளியைப் பிடி என்ற கோரிக்கை விசாரணைக்கு உதவியது. விடுதியின் ஒரு பகுதியை அரசின் புல்டோசர் இடித்ததும் கூட்டம் தீ வைத்ததும் தடயங்கள் அழிந்தனவோ என்ற அச்சத்தைத்தான் மிச்சம் வைத்தன. அவசரத் தண்டனை மெய்யான தண்டனைக்கே குழி பறிக்கக்கூடும். நிதானம் கொலைகாரனுக்குக் கேடயமாகிவிடும் என்று அஞ்சவும் தேவையில்லை. கடைசியாக உடன் இருந்தவரிடம், உனக்கு மட்டுமே தெரிந்ததை நீ விளக்கு என்று கேட்கும் அதிகாரம் பாரதிய சாட்சிய சட்டத்தின் 109ஆவது பிரிவில் இருக்கிறது. அதே சமயம், அடிப்படைக் குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பைவிட்டு இறங்காது என்று உச்ச நீதிமன்றம் 1956ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சந்தேகத்துக்கும் நியாயத்துக்கும் சட்டம் ஒரே வீட்டில் இடம் கொடுத்திருக்கிறது.

வதந்தி வளர்வதில் காவல் துறையின் பங்கும் உண்டு. லங்காஷயர் வழக்கை ஆராய்ந்த பிரிட்டன் காவல் கல்லூரியின் அறிக்கை, சொல்ல வேண்டிய நேரத்தில் தகவல் சொல்லத் தவறியதையும், பிறகு அந்தப் பெண்ணின் உடல்நல விவரத்தைத் தேவையின்றி வெளியிட்டதையும் சேர்த்தே கண்டித்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காவல் துறையினர் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும். ஆற்றில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் பொறுப்பான அதிகாரி ஒருவர் தேடுதல் எந்த அளவில் இருக்கிறது என்று தினமும் மக்களிடம் பேசட்டும். அவளுடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம்.

நமக்கும் வேலை இருக்கிறது. சந்தேகம் வந்தால் பகிர்வதற்கு முன் புகார் கொடுங்கள். 112ஐ அழைக்கலாம், பெண்களுக்கான 181 எண்ணும் இருக்கிறது. காவிரியின் எந்தக் கரையில் நடந்தது, எந்த மாநில எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப எந்தக் காவல் நிலையத்துக்கும் உரிமையில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் வழக்குப் பதிய வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதுவும் பலிக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போங்கள். நீங்கள் எடுத்த படமோ காணொளியோ இருந்தால் அதை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், குழுக்களில் போடாதீர்கள். யார் கொன்றது என்று கேட்பதற்கு முன், கேமராப் பதிவைக் கைப்பற்றினீர்களா, கைபேசியைச் சோதித்தீர்களா, உடன் போனவர்களைத் தனித்தனியாக விசாரித்தீர்களா என்று கேளுங்கள். காணாமல் போன பெண்ணுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி இதுதான்.