எல்லை தாண்டினாலும் அதே சட்டம்

கேரளத்தின் பாறசாலையைத் தாண்டித் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்குள் நுழைந்தால் பலகைகளில் எழுத்து மாறும். வாகனக் காப்பீட்டுச் சட்டம் மாறாது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் ஒன்றே. கேரளத் திருப்புறத்துக் காரின் பாலிசி நாகர்கோவிலிலும் செல்லும். அதைப் போலீஸ் சோதனைக்குக் காட்டும் காகிதமாக மட்டும் நினைப்பதுதான் என் கவலை. மூன்றாம் நபர் காப்பீடு நம் காரின் நசுங்கலுக்குப் பணம் தராது. நம் வண்டி மோதி விழுந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது அது. பாலிசி காலாவதியான பின் ஓட்டினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அதைவிடப் பெரிது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் லட்சங்கள். வீட்டை விற்றாவது உரிமையாளரே கட்டவேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. மறதி வருவது நான்காம் ஆண்டில். முடிவுத் தேதியை இன்றே பாருங்கள்.